வாய்க்கு வராத பேர்

தம்பி, அம்மா எழுதறேன். உன் கடிதம் புதன்கிழமையே வந்துடுச்சு. உடனே பதில் போட்டிருக்கணும். அரைப்பரீட்சை பேப்பர் கட்டுக் கட்டா கிடக்கு, முட்டி வலி வேற. பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறி வகுப்புக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. வீட்டுக்கு வந்தா பேனாவைத் தொடவே பிடிக்கல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. உங்க அப்பா கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கார். நான் சமையக்கட்டு நிலைப்படியில சாஞ்சு உக்காந்து, நறுக்கவேண்டிய காயை ஓரமா தள்ளி வச்சுட்டு எழுதறேன். கிறுக்கலா இருந்தா பொறுத்துக்க.

நீ எழுதினதை ரெண்டு தரம் படிச்சேன். மருமக உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறா. தனியா இருக்கறப்பன்னா பரவாயில்ல, பெரியப்பா வீட்டு விசேஷத்துல பந்தி நடக்கறப்ப, அத்தனை பேர் நடுவுல கூப்பிட்டிருக்கா. பெரியம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க, உனக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. "நான் சொன்னா சண்டையாயிடும், நீங்க டீச்சர், பக்குவமா அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கம்மா"ன்னு கேட்டிருக்கே. எழுத மாட்டேன். இதை முதல்லயே சொல்லிடறேன், கடைசி வரைக்கும் படிச்சுட்டு ஏமாறாதே. ஊரான் பிள்ளைங்க வாயைத் தொறக்க வைக்கறதே என் பொழப்பா இருக்கு. அதுலயே நான் பாதி தேஞ்சுட்டேன். இப்ப ஒருத்தி வாயை மூட வைக்கவும் என்னையே கூப்பிடறியே, இது நல்லா இருக்கா?

அதுக்காக அம்மா ஏதோ பெரிய புதுமைக்காரின்னு நெனச்சுக்காதே. இந்த நிமிஷம் வரைக்கும் உங்க அப்பாவை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கூப்பிடறது கிடக்கட்டும், யாராவது கேட்டாக்கூட சொன்னதில்ல. ஞாபகம் இருக்கா, எறையூர் சர்க்கரை ஆலையில அப்பா வேலை பார்த்தப்ப வீட்டுக்கு ஜனத்தொகை கணக்கெடுக்க ஒருத்தர் வந்தார். குடும்பத் தலைவர் பேர் என்னன்னு கேட்டார். நான் பி.ஏ., பி.டி. படிச்சவ, இங்கிலீஷ் டீச்சர், கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். நீ டவுசரைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து, இனிஷியலோட, பள்ளிக்கூடத்துல ஒப்பிக்கற மாதிரி சத்தமா சொன்னே. அவர் சிரிச்சுட்டு எழுதிக்கிட்டுப் போனார். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாத்துக்கும் உன் வாய்தான் எனக்கு வாயா இருந்துச்சு.

இப்ப நான் சொல்ல வந்தது மைமூனைப் பத்தி. உனக்கு அந்தப் பேர் தெரியாது. சனிக்கிழமை சனிக்கிழமை நான் லப்பைக்குடிக்காட்டுக்குப் போயிட்டேன்னு நீயும் உன் தங்கச்சியும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பீங்களே, அந்த வகுப்புல இருந்தவ. அப்ப எனக்கு அந்த ஊர்லதான் வேலை. ஊர்ல பாதி ஆம்பளைங்க சவூதியிலயும் துபாயிலயும் இருந்தாங்க. ஒரு தடவை ஒரு வீட்டுக்கு இங்கிலீஷ்ல தந்தி வந்துச்சு. தந்தின்னதுமே தெருவே கூடி ஒப்பாரி வச்சுடுச்சு. அந்த வீட்டுப் பிள்ளை தந்தியை எடுத்துக்கிட்டு என்கிட்ட ஓடி வந்தா. பத்திரமா போய்ச் சேந்துட்டேன்னு அவங்க அப்பா கொடுத்திருந்தார். அழுது முடிச்சவங்க அசட்டுச் சிரிப்பு சிரிச்சாங்க. மறுநாளே நாலஞ்சு பேரா வந்து, "டீச்சரு, எங்களுக்கும் கொஞ்சம் இங்கிலீசு சொல்லிக் குடுங்க, இப்படி ஏமாந்து அழ முடியாது"ன்னு கேட்டாங்க. மைமூன் வீட்டு மாடியில, மதியத் தொழுகை முடிஞ்சு, வகுப்பு ஆரம்பிச்சோம்.

எப்படிச் சொல்லிக் கொடுத்தேன்னு உனக்குச் சொல்லணும், இல்லன்னா பின்னாடி நடந்தது புரியாது. புது வார்த்தையைத் தனியா கொடுத்தா நிக்காதுடா. தமிழ்ல அர்த்தம் எழுதிப் போட்டா அன்னைக்குத் தலையாட்டுவாங்க, அடுத்த வாரம் கேட்டா முழிப்பாங்க. ஒரு கேள்வியோட கோத்துக் கொடுத்தாதான் நிக்கும். அதனால ரெண்டு பேரை எதிரும் புதிருமா நிக்க வச்சுடுவேன். ஒருத்தி கடைக்காரி, ஒருத்தி வாங்க வந்தவ. ஒருத்தி டாக்டர், ஒருத்தி நோயாளி. பேச்சு நடுவுல புது வார்த்தையை ஒண்ணொண்ணா நுழைப்பேன். அப்புறம் இடத்தை மாத்திடுவேன். பதில் சொன்னவ கேள்வி கேக்கணும், கேட்டவ பதில் சொல்லணும். டாக்டர் வேஷத்துக்கு அவங்களுக்குள்ள அடிதடியே நடக்கும். "வேர் ஈஸ் த பெய்ன்?"னு மைமூன் இடுப்புல கை வச்சுக்கிட்டு கேப்பா. பக்கத்து வீட்டு ஜொகரா, "எவ்ரிவேர் டாக்டரு, மாமியாகிட்ட கேட்டுப் பாருங்க"ம்பா. மாடியே அதிரும். சவுக்குக் கம்பு, சாந்து, கட்டடத்துல ஏறி நிக்கற சாரம்னு புருஷங்க செய்யற வேலைக்கான வார்த்தையெல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. அங்க அவர் என்ன செய்யறார்னு இங்கிலீஷ்லயாவது தெரிஞ்சுக்கறோம்னு சொல்லுவாங்க.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ் பேச்சு நடத்தினேன். ஒருத்தி ஆபீசர், ஒருத்தி மனு கொடுக்க வந்தவ. "வாட் ஈஸ் யுவர் நேம்?" வந்துச்சு. "வாட் ஈஸ் யுவர் வில்லேஜ்?" வந்துச்சு. "வாட் ஈஸ் யுவர் ஹஸ்பெண்ட்ஸ் நேம்?"னதும் அத்தனை முக்காடும் வாய்க்கு மேல ஏறிடுச்சு. மைமூன்தான் சொன்னா. "டீச்சரு, வேற என்ன வேணா கேளுங்க, அதை மட்டும் கேக்காதீங்க." மார்க்கத்துல அப்படி இருக்கான்னு கேட்டேன். "மார்க்கத்துல ஒண்ணும் இல்ல. எங்க பள்ளிவாசல் அஜ்ரத்தே தப்பில்லைன்னு சொல்லிட்டாரு. ஆனா வாய் வரலையே. சொன்னா அவருக்கு ஆயுசு கொறையும்னு சின்னப் பிள்ளையிலேருந்து கேட்டுக் கேட்டு நாக்கு பயந்து போயிருக்கு." இங்கிலீஷ்லதானே சொல்லப் போறீங்கன்னு நான் விடாம நச்சரிச்சேன். அவ குறும்பா என்னைப் பார்த்தா. "சரி டீச்சரு, ஒங்க சாரு பேரு என்ன? நீங்க சொல்லுங்க, நாங்க எல்லாரும் சொல்றோம்."

சாக்பீஸை எடுத்து உங்க அப்பா பேரைப் பலகையில எழுதினேன். "எழுதக் கூடாது, சொல்லணும்!"னு ஒரே கூச்சல். சிரிச்சு சிரிச்சு ஜொகராவுக்குப் புரை ஏறிடுச்சு. கடைசியில அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தன் புருஷன் பேரைத் தானே சொல்ல வேண்டாம், பக்கத்துல நிக்கறவ சொல்லட்டும். ஆபீசர் மைமூனைக் கேப்பா, ஜொகரா பதில் சொல்லுவா: "ஹெர் ஹஸ்பெண்ட்ஸ் நேம் ஈஸ் சேக் தாவூது." ஜொகராவைக் கேட்டா மைமூன் சொல்லுவா. எனக்கும் அது தோதாத்தான் இருந்துச்சு. அந்த ஒரு வாக்கியம் அவங்களுக்குப் பதிஞ்ச மாதிரி வேற எதுவும் பதியல. எந்த ஆபீஸ்லயும் பக்கத்துல ஒருத்தி நின்னுக்கிட்டே இருப்பாளான்னு நாங்க யாரும் யோசிக்கல.

அடுத்த கோடையில லீவுல வந்த ஒரு ஆள் சேதி கொண்டு வந்தான். சேக் தாவூது வேலை பாத்த கட்டடத்துல சாரம் சரிஞ்சு நிறைய பேர் விழுந்துட்டாங்க. எல்லாரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்களாம். அதுக்கு மேல அவனுக்குத் தெரியல, ஆஸ்பத்திரி போன் நம்பரை மட்டும் எப்படியோ வாங்கிட்டு வந்திருந்தான். வேலைக்கு அனுப்புன ஏஜென்டு ஊர்லயே இல்ல. மைமூனும் அவ மாமனாரும் பெரம்பலூருக்கு வந்து டிரங்க்கால் போடறதா முடிவு பண்ணி என்னைத் துணைக்குக் கூப்பிட்டாங்க. அன்னைக்கு உனக்குக் கணக்குப் பரீட்சை. ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வச்சுட்டு, எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்கடான்னு சொல்லிட்டு ஓடினேன். நீ ரொம்ப நாள் அதைச் சொல்லிக் காட்டினே.

காலையில புக் பண்ணிட்டு போஸ்டாபீஸ் பெஞ்சுல உக்காந்தோம். வெளிநாட்டு லைன், எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. மாமனார் வயசானவர், கறிக்கடைக்காரர், தொப்பியைக் கையில கழட்டி வச்சுக்கிட்டு தலையைத் தடவிக்கிட்டே இருந்தார். வாய்க்குள்ள ஓதிக்கிட்டு இருந்தார். மைமூனுக்கு நான் தைரியம் சொன்னேன். நான் பேசிக்கறேன், நீ கவலைப்படாதேன்னேன். அவ தலையை ஆட்டினா. "வேணாம் டீச்சரு. நீங்க பேசினா, அவரு இல்லைன்னா அதை நீங்கதான் முதல்ல கேப்பீங்க. ஒங்க மூஞ்சியைப் பாத்து நான் தெரிஞ்சுக்கணும். அது என்னால ஆகாது. நல்லதோ கெட்டதோ என் காதுலதான் விழணும். நான்தானே அவரு பொண்டாட்டி?" சரின்னேன். பெஞ்சுல உக்காந்தபடியே மெள்ள ஒத்திகை பார்த்தோம். நான் நர்ஸ், அவ அவளேதான். குட்மார்னிங்லேருந்து தேங்க்யூ வரைக்கும் பிசிறில்லாம சொன்னா. பேர் கேக்கற இடம் வந்தப்ப மட்டும் பழக்கதோஷத்துல என் மூஞ்சியைப் பார்த்தா. நானும் பழக்கதோஷத்துல "சேக் தாவூது"ன்னுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

வெயில் சாயற நேரத்துக்கு லைன் கிடைச்சுது. அந்த டெலிபோன் கூண்டுக்குள்ள ரெண்டு பேரும் நெருக்கியடிச்சு நின்னோம். ரிசீவரை அவ காதுல வச்சுக்கிட்டா, நான் என் காதை அதோட ஒட்டி வச்சேன். மாமனார் கதவைத் தொறந்து பிடிச்சுக்கிட்டு வெளியில நின்னார். ஒரே இரைச்சல். எந்த ஊர்க்காரியோ, ஒரு நர்ஸ் பேசினா. மைமூன் கத்தினா: "ஐ யாம் ஸ்பீக்கிங் ஃப்ரம் இண்டியா! மை ஹஸ்பெண்ட் ஃபெல் ஃப்ரம் த ஸ்கஃபோல்டிங்!" நான் சொல்லிக் கொடுத்த அத்தனையும் வரிசையா வந்துச்சு. அப்புறம் நர்ஸ் பேர் கேட்டா. மைமூன் என்னைத் திரும்பிப் பார்த்தா. ரிசீவர்ல வாயை வச்சு நான் சொன்னேன்: "சேக் தாவூது."

காகிதம் புரட்டற சத்தம் கேட்டுது. அப்புறம் அந்த நர்ஸ் நிதானமா சொன்னா, ரெண்டு காதுலயும் விழுந்துச்சு. இந்தப் பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தர் வார்டுல இருக்கார். உங்க ஆளோட அப்பா பேர் என்ன?

எனக்குத் தெரியாதுடா. இத்தனை மாசம் அவங்க வீட்டு மாடியில வகுப்பு நடத்தி, அவங்க வீட்டு டீயைக் குடிச்சு, அந்தப் பெரியவரை பாய் பாய்னு கூப்பிட்டிருக்கேனே தவிர பேர் கேட்டதில்ல. மைமூனுக்குத் தெரியும். ஆனா புருஷன் பேராவது பரவாயில்ல, மாமனார் பேரை மருமக சொல்லவே முடியாது, அதுவும் அவரை எதிர்லயே நிக்க வச்சுக்கிட்டு. அவ கண்ணு ரெண்டும் என் மேலயே நிக்குது. உதடு ஆடுது, சத்தம் வரல. புருஷன் உசுரோட இருக்கானான்னே தெரியல, பேரைச் சொன்னா ஆயுசு போயிடும்னு ஊட்டி வளத்த நாக்கு. அங்க நர்ஸ் ஹலோ ஹலோங்கறா. நடுவுல ஆப்பரேட்டர் நேரம் முடியப் போவுதுங்கறான். நான் பெரியவர்கிட்ட கேக்கலாம்னு திரும்பறேன். எங்க மூஞ்சியைப் பாத்துட்டு எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனச்சு அவர் அதுக்குள்ள கதவை விட்டுட்டார், அப்படியே தரையில உக்காந்துட்டார்.

அப்பத்தான் மைமூன் கத்தினா. போஸ்டாபீஸ்ல ஸ்டாம்பு வாங்க நின்னவங்க, மணியார்டர் கவுண்டர்ல இருந்தவர் எல்லாம் திரும்பற மாதிரி கத்தினா. "சேக் தாவூது! சேக் தாவூது! சன் ஆஃப் அப்துல் மஜீது! அப்துல் மஜீது!" நர்ஸுக்குக் கேக்கல. திரும்பத் திரும்பச் சொன்னா. ஒரு தடவைக்கு ஒரு தடவை குரல் ஏறுது. தரையில உக்காந்திருந்த பெரியவர், ஆயுசுல முதல் தடவையா மருமக வாயால தன் பேரைக் கேட்டவர், படக்குன்னு எழுந்து நின்னு, "இங்கதாம்மா இருக்கேன், என்னம்மா?"ன்னார். அவளுக்கு அது காதுல விழல. எனக்கு விழுந்துச்சு.

வார்டுல இருக்கறவர்தான் அப்துல் மஜீது மகன். தொடை எலும்பு முறிஞ்சு கட்டுப் போட்டிருக்கு, பேசறார், சாப்பிடறார். இதைக் கேட்டதும் நான்னா போனை வச்சிருப்பேன். அவ வைக்கல. "வெயிட், வெயிட்!"னு கத்திட்டு, நர்ஸைத் திருப்பிக் கேட்டா. "த டெட் மேன். வாட் ஈஸ் ஹிஸ் ஃபாதர்ஸ் நேம்? வாட் ஈஸ் ஹிஸ் வில்லேஜ்?" டாக்டர் வேஷத்துல கேள்வி கேட்டுப் பழகின அதே தோரணை. நர்ஸ் ஏதோ சொல்ல ஆரம்பிச்சா. அதுக்குள்ள லைன் போயிடுச்சு. மறுபடி புக் பண்ணலாமான்னு கேட்டோம், இன்னைக்கு ஆகாதுன்னுட்டாங்க. பஸ்ல மாமனார் குழந்தை மாதிரி அழுதுக்கிட்டும் சிரிச்சுக்கிட்டும் வந்தார். மைமூன் சிரிக்கவே இல்ல. "அந்தப் பொம்பளை எந்த ஊர்ல ஒக்காந்திருக்காளோ டீச்சரு. அவ புருசன் பேரை யாரு போன்ல கத்துவா?"ன்னு கேட்டா.

ஊருக்குப் போனதும் பேச்சு கிளம்புச்சு. தபாலாபீஸ்ல நின்னு மாமனார் பேரை ஏலம் போட்டாளாமேன்னு சொன்னாங்க. மாமனாரே கடைவாசல்ல நின்னு, "எம் பேரு, எம் மருமவ, ஒங்களுக்கு எங்க வலிக்குது?"ன்னு கேட்டுட்டார். அதோட அடங்கிடுச்சு. சேக் தாவூது நொண்டிக்கிட்டு வந்து சேந்தார், மறுபடி போகல. வந்தப்புறமும் அவ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடல, மச்சான்னுதான் கூப்பிட்டா. நான் கேட்டேன். "அது இருக்கட்டும் டீச்சரு. வேணும்னா வரும்னு இப்பத் தெரியும், அது போதும்"னா. நான் மாத்தலாகி வந்துட்டேன், அப்புறம் அவளைப் பாக்கல.

இதை எழுதறப்ப எனக்கு ஒரு வீம்பு வந்துச்சு. மைமூனால முடிஞ்சுது. மருமகளுக்குச் சாதாரணமா வருது. எனக்கு என்ன கேடுன்னு பேனாவை வச்சுட்டு, இங்கிருந்தே உங்க அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். முதல்ல காத்துதான் வந்துச்சு. தொண்டையைச் செருமிக்கிட்டு இன்னொரு தரம், கொஞ்சம் சத்தமாவே கூப்பிட்டேன். நல்லாத்தான் கூப்பிட்டேன்.

அவருக்குக் கேட்டுது. பேப்பரை மடிச்சார். "வாசல்ல யாரோ கூப்பிடறாங்க பாரு"ன்னு என்கிட்ட சொல்லிட்டு அவரே எழுந்தார். துண்டைத் தோள்ல போட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டார். இங்கிருந்து முதுகு தெரியுது. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பாக்கறார். முப்பது வருஷமா கூட இருக்கேன், என் குரல்ல அவர் பேரு எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியல. அவ உன் பேரைக் கூப்பிட்டா திரும்பாமலே உனக்குத் தெரியும், அது உன் பொண்டாட்டின்னு.

அவர் இன்னும் வெயில்லயே நிக்கறார். நான் போய் உள்ள கூட்டிட்டு வரேன்.

அம்மா